கடலை அறிந்தவனுக்குக் காவல் படையில் இடம் எங்கே?

கடலோரக் காவல் படைக்கு மாலுமிகளை எடுக்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அதில் கேட்கப்படும் தகுதிகளைப் பாருங்கள். வயது 18 முதல் 22 வரை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். உயரம் 157 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1.6 கிலோமீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். 20 பஸ்கி, 10 தண்டால். கண்ணாடி இல்லாமல் கண் தெரிய வேண்டும்.

கேட்கட்டும். படை என்றால் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "தம்பி, உனக்கு நீந்தத் தெரியுமா?" என்ற ஒரு கேள்வி அந்த நுழைவுத் தேர்வில் கிடையாது. "காற்று எந்தப் பக்கம் திரும்பினால் படகைக் கரைக்குத் திருப்புவாய்?" என்ற கேள்வியும் கிடையாது. ஓட்டம் தரையில், தண்டால் தரையில், கணக்கு கணினித் திரையில். கடலைக் காக்கப் போகிறவனைப் பொறுக்கி எடுக்கும் சோதனையில் கடல் மட்டும் இல்லை.

கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அல்சூர் ஏரியைத் தவிர வேறு பெரிய நீர்ப்பரப்பைப் பார்த்தறியாத பெங்களூர்த் தமிழனுக்கு இந்த வம்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த ஏரிக்கரையிலேயே இருக்கிறது பதில். நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன்மார் இந்த ஊருக்கு வந்ததே படையின் பின்னால்தான். 1809-ல் இங்கே தண்டு அமைந்தது. தண்டோடு தமிழன் வந்தான். சிப்பாயாக வந்தான், சமையற்காரனாக வந்தான், கொத்தனாக வந்தான், வண்டியோட்டியாக வந்தான். இன்றும் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிற மதராஸ் பொறியியல் படைப்பிரிவின் வீரனுக்குத் 'தம்பி' என்றுதான் செல்லப் பெயர். படையில் சேர்வது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

இன்னொரு தொடர்பும் உண்டு. கடலோரக் காவல் படையில் பறக்கும் துருவ் ரக ஹெலிகாப்டர்கள் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவானவை. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் அவற்றில் ஒன்று விழுந்து நொறுங்கி, படையினர் மூவர் மாண்டபோது, அது இந்த ஊருக்கும் வீட்டுச் சாவுதான். இயந்திரத்தைச் செய்து கொடுக்கிற ஊருக்கு, அதில் ஏறிப் போகிறவர்களை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கேட்கும் பாத்தியதை இல்லையா?

எல்லாவற்றுக்கும் மேலாக வயிறு இருக்கிறது. 2022-ல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் சாதாரண வீரனாகச் சேருகிறவனுக்கு 4 ஆண்டுதான் உறுதி. அதற்குப் பிறகு நால்வரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வதாகத் திட்டம். கடலோரக் காவல் படை அந்தத் திட்டத்துக்குள் வரவில்லை. அங்கே 'நாவிக்' என்று அழைக்கப்படும் மாலுமிக்கு அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், வேலை நிரந்தரம். ஆகவே கூட்டம் அங்கே மொய்க்கிறது. அதிலும் 4 ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கப்படும் என்று 2022 ஜூனிலேயே பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்துவிட்டது. மிச்சமிருக்கிற கதவு இன்னும் குறுகப் போகிறது. குறுகுவதற்குள் அந்தக் கதவின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் படை பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கடத்தல் தங்கமும் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் படகு படகாக இறங்கிக்கொண்டிருந்த காலம். சுங்கத் துறையால் சமாளிக்க முடியவில்லை. கடற்படைக்கு அது தன் வேலையாகத் தோன்றவில்லை. 1974-ல் ரஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். கச்சத்தீவு உடன்பாடு கையெழுத்தானதும் அதே 1974-ல்தான் என்பதைத் தமிழர்கள் மறக்கமாட்டார்கள். கடலில் கோடு கிழித்ததும் அந்தக் கோட்டுக்குக் காவற்காரனைத் தேடியதும் ஒரே ஆண்டில் நடந்தன. 1977 பிப்ரவரி 1-ல் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய படை, 1978 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே முறையான படையாயிற்று. அப்போது கடற்படை கொடுத்த பழைய கப்பல்களும் ஒரு சில சிறு ரோந்துப் படகுகளுமே அதன் சொத்து.

பிறகு வந்தது 2008 நவம்பர் 26. 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் மும்பைக்கு வந்திறங்கிய கொலைகாரர்கள் நாட்டையே உலுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தில்லிக்கு மீனவன் நினைவு வந்தது. "கடலோரப் பாதுகாப்பின் கண்ணும் காதும் மீனவர்களே" என்று அதிகாரிகள் மேடைக்கு மேடை பேசத் தொடங்கினார்கள். குப்பங்களில் கூட்டம் போட்டார்கள், அடையாள அட்டை கொடுத்தார்கள், சந்தேகப் படகைக் கண்டால் சொல்லுங்கள் என்று தொலைபேசி எண் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் கண்ணும் காதும் வேண்டும் என்கிறவர்கள் கையையும் காலையும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? துப்புச் சொல்ல மீனவன் வேண்டும், சம்பளம் வாங்க மட்டும் வேறொருவன் வர வேண்டுமா?

"யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லையே, தகுதி இருந்தால் யாரும் வரலாமே" என்று பதில் வரும். அந்தத் தகுதியைத்தான் புரட்டிப் பார்ப்போம்.

கணிதமும் இயற்பியலும் வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. இன்றைய கப்பலில் ராடார் இருக்கிறது, செயற்கைக்கோள் கருவி இருக்கிறது, கோணமும் வேகமும் கணக்கிடத் தெரியாதவன் அங்கே தடுமாறுவான். தகுதியைக் குறைக்கச் சொல்வது நம் பிள்ளைகளை நாமே இழிவுபடுத்துவதாகும். ஆனால் ராமநாதபுரத்திலோ நாகையிலோ ஒரு கடற்கரைக் குப்பத்துப் பையனின் பள்ளிப் படிப்பு எப்படி நகர்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த நிபந்தனையின் கனத்தையும் அறிவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைப்பதே முதல் சண்டை. பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்காது; இருந்தால் இயற்பியல் ஆசிரியர் இருக்கமாட்டார். பத்தாம் வகுப்போடு படகில் ஏறிவிடுகிறவன் பாதி. வணிகவியலோ வரலாறோ எடுத்துத் தேறியவன் மீதியில் பாதி. இந்த இருவகைப் பிள்ளைகளும் பொதுப்பணி மாலுமி வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது.

பத்தாம் வகுப்பு படித்தவனுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'உள்நாட்டுப் பிரிவு' என்று பெயர். என்ன வேலை தெரியுமா? கப்பலில் சமைப்பது, பரிமாறுவது. எந்த வேலையும் இழிவல்ல. தண்டுச் சமையற்கட்டில் கரண்டி பிடித்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். ஆனால் பதினைந்து வயதிலேயே அமாவாசை இருட்டில் படகோட்டியவனை, அந்தக் கப்பலில் சோறு வடிக்க மட்டும் தகுதியுள்ளவன் என்று ஒரு விதி சொல்லுமானால், அந்த விதியை எழுதியவர் கடற்கரையில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா?

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்திருக்கிறவன் மீனவன். நீரோட்டம் எப்போது மாறும், எந்தப் பாரில் படகு தட்டும், எந்த மேகம் வெறும் மேகம், எந்த மேகம் ஆளை விழுங்கும் என்பது அவனுக்கு அப்பன் சொல்லித் தந்த பாடம். இந்தப் பாடத்துக்கு எந்த வாரியமும் மதிப்பெண் பட்டியல் தருவதில்லை. மதிப்பெண் பட்டியல் இல்லாததால் அறிவே இல்லை என்றாகிவிடுமா?

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் புகுந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. உறவினர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். "தேடும் கப்பல்கள் எங்கள் ஆட்கள் மீன்பிடிக்கும் இடத்துக்குப் போகவில்லை, எங்களை ஏற்றிக்கொண்டு போங்கள், நாங்கள் காட்டுகிறோம்" என்பதுதான் கரையில் எழுந்த கூக்குரல். பின்னர் மீனவர்களைக் கூட்டிக்கொண்டு தேடப் போகவும் செய்தார்கள். தங்கள் சொந்தப் படகிலேயே தேடப் போன மீனவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது லாரிகளில் படகை ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராக மக்களை மீட்டவர்கள் அந்த மாநிலத்து மீனவர்கள். ஆபத்து வந்தால் தேடி ஓடுவது இவர்களை; ஆள் எடுப்பு வந்தால் தேடுவது வேறு காகிதத்தை.

இனி இடங்களின் கணக்குக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் விண்ணப்பம் வாங்கிய பொதுப்பணி நாவிக் இடங்கள் 260. அவற்றை மண்டல வாரியாகப் பிரித்திருந்தார்கள். வடக்கு மண்டலத்துக்கு 77, வடகிழக்குக்கு 68, மேற்குக்கு 66, கிழக்குக்கு 34, வடமேற்குக்கு 12, அந்தமான் நிகோபாருக்கு 3. கிழக்கு மண்டலம் என்பது தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, புதுவை. தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, ஆந்திரத்துக்கு ஏறக்குறைய அதே அளவு. வடமேற்கில் நாட்டிலேயே மிக நீளமான கடற்கரையுள்ள குஜராத் இருக்கிறது. அந்த மண்டலத்துக்கு 12 இடம். உத்தரப் பிரதேசம், பஞ்சாப், அரியானா, தில்லி, இமாசலம் என்று கடலே எட்டிப் பார்க்காத மாநிலங்கள் அடங்கிய வடக்குக்கு 77.

இதைப் படித்தவுடன் "பார்த்தீர்களா வடவரின் சூழ்ச்சியை!" என்று மேசையைத் தட்டுவது எளிது. நாம் தட்டப் போவதில்லை. ஒவ்வொரு மண்டலத்தின் மக்கள்தொகையையும் கூட்டிப் பார்த்தால் இந்தப் பங்கீடு ஏறத்தாழ அதோடு ஒத்துப்போகிறது. தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்திருக்கிறார்கள், சூழ்ச்சி ஒன்றுமில்லை. கான்பூரிலிருந்து வருகிற பையனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவனும் வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகிற நம் இனம்தான். அவன் மேல் நமக்குக் கோபம் கிடையாது. கேள்வி வேறு. நாட்டின் நிலத்தைக் காக்கும் பெரும்படைக்குத் தலைக்கணக்கு சரி. பெயரிலேயே கடலோரத்தை வைத்திருக்கும் ஒரு படைக்குக் கரையின் நீளத்தையும், அந்தக் கரையில் வாழ்கிறவனின் மொழியையும், அவன் தொழிலையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தலைக்கணக்கோடு கரைக்கணக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று கேட்டால் அது பிரிவினைப் பேச்சா?

மொழி என்று சொன்னோம். அதை இலேசாக விட முடியாது.

2017 நவம்பர் 13 அன்று ராமேசுவரம் மீனவர்கள் இருவர் காயத்தோடு கரை திரும்பினார்கள். கடலோரக் காவல் படையின் 'ராணி அப்பக்கா' கப்பலைச் சேர்ந்தவர்கள் படகை மறித்துச் சுட்டார்கள், இந்தியில் பேசச் சொல்லி அடித்தார்கள் என்பது அவர்கள் புகார். சுடவில்லை என்று படைத்தரப்பு மறுத்தது. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று, தமிழ்நாடே கொந்தளித்தது. யார் சொன்னது மெய், யார் சொன்னது பொய் என்று தீர்ப்பெழுத நாம் நீதிபதியல்ல. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அப்பக்கா யார்? நம் கர்நாடகக் கரையில், உள்ளாலில் இருந்து ஆண்டவள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரை எதிர்த்து நின்றவள். அவள் பெயர் பொறித்த கப்பலின் மேல் தென்கரை மீனவன், "என் மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை" என்று குற்றம் சொல்லும் நிலை வந்தது. பெயர் எங்கள் கரையினுடையது. பேச்சு மட்டும் எங்கள் கரையினுடையது இல்லை!

இது ஒரு படையின் குறை மட்டுமல்ல. 2022 அக்டோபர் 21-ல் பாக் நீரிணைப் பகுதியில் கடற்படையின் 'பங்காரம்' கப்பலிலிருந்து சுட்டதில் மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்பது கடற்படை சொன்ன காரணம். இரவில், அலையில், என்ஜின் சத்தத்தில் எச்சரிக்கை எந்த மொழியில் போனால் என்ன என்று தில்லியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தோன்றலாம். "நில்லுங்க அண்ணே, சோதனை" என்று ஒரு குரல் வந்தால் நிற்கிற படகு, புரியாத அதட்டலுக்குப் பயந்து ஓடும். ஓடினால் சந்தேகம், சந்தேகம் வந்தால் துப்பாக்கி. ஒவ்வொரு ரோந்துக் கப்பலிலும் அந்தந்தக் கரையின் மொழி தெரிந்த நாலு பேர் இருப்பது சலுகை ஆகாது. தோட்டா மிச்சமாகும் ஏற்பாடு.

நாலு பேர் எங்கிருந்து வருவார்கள்? தேர்வு எழுதி வர வேண்டும். தேர்வு எந்த மொழியில்? 2023 ஏப்ரலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்துவதை எதிர்த்துத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகத்திலும் கன்னடத்துக்காக அதே குரல் எழுந்தது. சில நாட்களிலேயே உள்துறை இறங்கி வந்தது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட 13 மொழிகளிலும் எழுதலாம் என்று அறிவித்தது. 2024-ல் அப்படியே நடத்தியும் காட்டியது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு உள்துறையின் கீழ் உள்ள படைகளுக்கு. கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதன் வினாத்தாள் இந்தி, ஆங்கிலம் என்ற இரண்டு மொழிகளிலேயே வந்துகொண்டிருந்தது. இமயமலை எல்லையைக் காக்கப் போகிறவன் தமிழில் தேர்வெழுதலாம், மண்டபத்துக் கடலைக் காக்கப் போகிறவன் எழுத முடியாது என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் கோரிக்கையைப் பெங்களூரில் இருந்துகொண்டு எழுப்பும்போது தமிழுக்கு மட்டும் என்று எழுப்பக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. கார்வாரிலும் மல்பேயிலும் மங்களூரிலும் வலை வீசுகிற மொகவீரர் வீட்டுப் பையனுக்கும் இதே தடைதான். கன்னடமும் தமிழும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கப்பட்டால்தான் பெங்களூரில் அதற்கு மரியாதை உண்டு. காவிரி பெயரைச் சொல்லி நம்மை மோதவிட்டுக் குளிர்காய்ந்தவர்களுக்குக் கடல் விவகாரத்திலாவது அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டாம்.

இனி நம் வீட்டுச் சங்கதி. பெங்களூர்த் தமிழ்ப் பையன் இந்தத் தேர்வில் எங்கே சறுக்குகிறான் என்று பார்த்தால், ஓட்டத்தில் சறுக்குவதைவிடக் காகிதத்தில் சறுக்குவதே அதிகம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கென்றே வைத்த கண்ணிகள் போலச் சில விதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம், பெற்றோர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலாவது இருப்பிடம். மண்டல வாரியாக இடம் என்றோமே, நீங்கள் எந்த மண்டலம் என்பதை முடிவு செய்வது உங்கள் இருப்பிட மாநிலம். கர்நாடகம் என்றால் மேற்கு மண்டலம், தமிழ்நாடு என்றால் கிழக்கு மண்டலம். ஸ்ரீராமபுரத்தில் பிறந்து, அங்கேயே பி.யு.சி. முடித்த பையனுக்குக் குழப்பமில்லை, அவன் கர்நாடகத்தான். ஆனால் அப்பா பொம்மனஹள்ளியில் கட்டட வேலை, அம்மாவும் ரேஷன் அட்டையும் திருப்பத்தூரில், பத்தாம் வகுப்பு அங்கே, பன்னிரண்டாம் வகுப்பு இங்கே, ஆதாரில் ஒரு முகவரி, வாக்காளர் பட்டியலில் வேறு முகவரி என்று ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக இருக்கிற குடும்பங்கள் எத்தனை! விண்ணப்பத்தில் ஒரு மாநிலத்தைக் குறித்துவிட்டுச் சான்று சரிபார்ப்பில் இன்னொரு மாநிலத்துக் காகிதத்தை நீட்டினால், அங்கேயே கதை முடிந்தது. எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் ஓடிய ஓட்டமும் வீண். ஆகவே விண்ணப்பம் போடுமுன் எந்த மாநிலத்துச் சான்று கையில் கிடைக்கும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ப ஆதார் முகவரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். நம் காதில் 'நாடகக் கச்சேரி' என்று விழுகிற நாடகச்சேரியில்தான் கர்நாடக இருப்பிடச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அங்கே போய் நின்றால் பலமுறை அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது சாதிச் சான்று. இங்கே பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. முப்படைகளிலும் சாதி வாரி இட ஒதுக்கீடு இல்லை. கடலோரக் காவல் படையில் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வயது வரம்பில் 5 ஆண்டும், பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் தளர்வு உண்டு. இருபத்து நாலு வயதாகிவிட்டது, இனி என்ன என்று உட்கார்ந்திருக்கும் பையன்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிற சாதி கர்நாடகப் பட்டியலில் இல்லாமல் போகலாம், அல்லது வேறு பிரிவில் இருக்கலாம். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பதால் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமை தானாக வராது என்று 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரத்திலிருந்து தகப்பனார் வேலையால் பம்பாய்க்குப் போன குடும்பத்துப் பையன், அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டுத் தோற்ற வழக்கு அது. அப்பன் பிழைக்கப் போன இடத்தில் சாதியின் இழிவு கூடவே வருகிறது, சலுகை மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இந்தத் தீர்ப்பைப் படித்த எந்த இடம்பெயர்ந்தவனுக்கும் மனம் கசக்கும். ஆயினும் ஒரு வழி இருக்கிறது. அந்தத் தடை வந்தேறிய மாநிலத்தின் சலுகைகளுக்கு. மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலத்துச் சாதி நிலையைக் காட்டலாம். தந்தையின் பழைய சான்றை வைத்து, இப்போது வாழும் மாநிலத்து அதிகாரியே, 'இன்ன மாநிலத்தில் தந்தைக்கு வழங்கப்பட்ட சான்றின் பேரில்' என்று குறிப்பிட்டுச் சான்று தர மத்திய அரசின் ஆணை இடம் கொடுக்கிறது. சில அதிகாரிகளுக்கே இந்த வசதி தெரிவதில்லை. ஆணையின் நகலோடு போவது நல்லது.

பிற்படுத்தப்பட்டோர் செய்யும் இன்னொரு தவறு, மாநில அரசின் சான்றையே கொண்டுபோவது. கர்நாடகத்தின் 2ஏ, 3ஏ சான்றோ, தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றோ அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற குறிப்போடு புதிதாக வாங்கிய சான்று வேண்டும்.

மூன்றாவது கண்ணி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத கண்ணி: நம் முதலெழுத்து. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிற்கிறவன். பத்தாம் வகுப்புச் சான்றில் 'முருகன் எம்.' என்றிருக்கும். ஆதாரில் 'முருகன் முனுசாமி' என்று விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் 'எம். முருகன்'. தந்தை பெயர் ஒரு சான்றில் முனிசாமி, இன்னொன்றில் முனுசாமி, கன்னட எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது முனிஸ்வாமி. மூன்று பேரும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், சரிபார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லாக் காகிதத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து போகிற பிள்ளைகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டாவது இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாவிக் வேலைக்கான அறிவிப்புகள் ஆண்களிடமிருந்தே விண்ணப்பம் கேட்டு வந்திருக்கின்றன. அதிகாரியாகக் குறுகிய காலம் பணியாற்றிய பெண்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசை வெளிப்படையாகவே கண்டித்தது. கப்பலுக்கு அப்பக்கா பெயரை வைப்பார்களாம், அதில் ஒரு பெண் மாலுமியாக ஏறக் கூடாதாம்! மூன்று மாநிலக் கடற்கரைகளிலும் மீன் கூடையைச் சுமந்து, ஏலம் கூறி, குடும்பத்தை நடத்துகிறவள் பெண். அவள் மகள் மாலுமியாவதற்கு எந்த உடற்கூறு தடையாக இருக்கிறது?

என்ன கேட்கலாம் என்பதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கேரள அரசு மீனவ இளைஞர்களைக் கடலோரப் போலீசில் வார்டன்களாக எடுத்தது; அதில் பெண்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படையிலும் கடற்படையிலும் சேர்வதற்கென்றே கடலூர், ராமநாதபுரம், கன்னியாகுமரியில் உதவித் தொகையோடு மூன்று மாத இலவசப் பயிற்சி நடத்தியிருக்கிறது. ஆனால் அங்கேயும் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவனுக்குத்தான் இடம். மாநிலம் ஏணி வைத்துக் கொடுக்கிறது. ஏணியின் கீழ்ப்படி மத்திய விதியின் உயரத்தில் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது: நீச்சலுக்கும் படகு நடத்தும் திறனுக்கும் தேர்வில் தனி மதிப்பெண் வேண்டும். பதிவு பெற்ற மீனவர் குடும்பத்துப் பிள்ளைக்கு, பத்தாம் வகுப்போடு எடுத்து, கணிதமும் இயற்பியலும் படையே இரண்டாண்டு கற்பித்துப் பிறகு மாலுமியாக்கும் வழி வேண்டும். சில்காவில் பயிற்சிப் பள்ளி நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது மலையைப் புரட்டும் காரியமல்ல. தமிழிலும் கன்னடத்திலும் மற்றக் கரை மொழிகளிலும் வினாத்தாள் வேண்டும். இடம்பெயர்ந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மாநிலங்களில் எதுவானாலும் ஒரு மாநிலத்துச் சான்று போதும் என்று அறிவிப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

இந்த நான்கையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, பெங்களூரின் மக்களவை உறுப்பினர்களிடம் மட்டுமல்ல, தட்சிண கன்னடம், உடுப்பி, உத்தர கன்னட உறுப்பினர்களிடமும் கொடுக்க வேண்டும் என்பது நம் யோசனை. கரையோர உறுப்பினர் கையெழுத்தில்லாத மனு தில்லியில் கேலிக்குள்ளாகும். அடுத்த அறிவிப்பு வருமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் காகிதம் சரிபார்க்கும் வேலையும் தொடங்கலாம். வருகிற தம்பிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள், ஆதார், ரேஷன் அட்டை, தந்தையின் சாதிச் சான்று ஆகியவற்றின் அசலும் இரண்டு நகலும் கொண்டுவரட்டும். தந்தையின் சான்று ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்றால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.